கிரீன் கார்டு நேர்காணல்: ஒரு பதில் மாறினால் நிராகரிப்பா?

அமெரிக்காவில் திருமண வழிக் கிரீன் கார்டு கோரும் தம்பதியரைத் தனித்தனி அறைகளில் வைத்து நூறு கேள்விகள் கேட்பார்கள் என்றும், ஒரு பதில் மாறினாலும் அன்றே நிராகரிப்பு என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. வழக்கமாக இருவரும் ஒன்றாகவே அமர்ந்து, உறுதிமொழி எடுத்துப் பதில் சொல்கிறார்கள். திருமணம் உண்மையானதுதானா என்று அதிகாரிக்கு ஐயம் எழும்போதே தனித்தனி விசாரணை நடக்கிறது. விண்ணப்பதாரர் அறியாத பாதகமான தகவலை வைத்து முடிவெடுக்குமுன், அதைத் தெரிவித்து விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று கூட்டாட்சி விதித்தொகுப்பின் 8ஆம் தலைப்பு, 103.2ஆம் பிரிவு கூறுகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைப் படித்துப் பார்க்கலாம். வீட்டுத் திரைச்சீலையின் நிறம் போன்ற விவரங்களை மனப்பாடம் செய்வதைவிட, ஐ-130 (துணைவருக்கான மனு), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) படிவங்களில் தாங்களே எழுதியதை மீண்டும் வாசிப்பதும், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றுகளைத் திரட்டுவதும் பயன்தரும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்பதே சரியான பதில். அச்செய்தி வந்தால் மேலும் பகிர வேண்டாம்.