வாய்ல சதை எடுத்தா கேன்சர் பரவிடுமா?

சேலத்து வாட்ஸப் குரூப்புங்கள்ல ஒண்ணு சுத்துது: வாய்ல வெள்ளைப் படை இருந்தா பயாப்ஸிக்கு (கொஞ்சம் சதை எடுத்து பாக்கற டெஸ்ட்டு) போகாதீங்க, கத்தி பட்டா கேன்சர் பரவிடும், ஏற்காட்டு கிராம்பெண்ணெய் தடவுனா போதும்னு. சுத்தப் பொய்ங்க. எடுக்கறது அரிசி அளவு சதைதான், அத கெடாம இருக்க 10% ஃபார்மலின்ங்கற திரவத்துல ஊறப்போட்டு, மெழுகுல பதிச்சு, 4-5 மைக்ரான் சன்னமா சீவி, ரெண்டு சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க, செல்லு மாறியிருக்கான்னு அங்கதான் தெரியும், எவ்ளோ பெரிய டாக்டரானாலும் வெறுங்கண்ணால உறுதியா சொல்ல முடியாது. இதனால கேன்சர் பரவும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. கிராம்புல இருக்கற யூஜினால் பல்வலிய கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், படையெல்லாம் போகாது, அப்படியே தடவுனா ஈறு வெந்துடும் (ஃபார்வர்டு போட்டவரு தடவிப் பாத்திருக்க மாட்டாரு). 2 வாரமா ஆறாத புண்ணு, படை இருந்தா, அதுவும் புகையிலை போடறவங்கன்னா, நேரா ஜிஎச் பல் டாக்டர்கிட்ட காட்டுங்க.