பம்பாயைப் பார்க்கப் பெரிய பணம் வேண்டாம்

அரையாண்டு லீவு விட்டதும் சயான், தாராவி, மாட்டுங்கா பக்கம் தமிழர் வீடுகளில் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஏசி வேனில் ‘மும்பை தரிசனம்’தான். நாள் பூராவும் டிராஃபிக்கில் உட்கார்ந்து, நடிகர்கள் வீட்டு கேட்டைப் பார்த்து, கேட்வே ஆஃப் இந்தியாவில் இறங்கி போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். “பெருசா ஒண்ணும் இல்லையே, செலவுதான்” என்கிறார்கள். இங்கேயே வளர்ந்த எனக்கு அதைக் கேட்கும்போது மனசு கஷ்டமாகிவிடுகிறது.

வேன் வேண்டாம். லோக்கல் ரயிலில் ஏறுங்கள். மாட்டுங்காவிலிருந்து வி.டி.க்கு (பழைய விக்டோரியா டெர்மினஸ், இப்போது சி.எஸ்.எம்.டி.) ஸ்லோ வண்டியில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஒரு டீக் காசுதான். நாள் முழுக்க ஏறி இறங்குவதாக இருந்தால் ஒரு நாள் டூரிஸ்ட் டிக்கெட்டும் கவுண்டரில் தருகிறார்கள்.

வி.டி.யில் இறங்கியதும் டாக்ஸி தேடி ஓடாதீர்கள். சப்வே வழியாக எதிர்ப்பக்கம், மாநகராட்சிக் கட்டடம் இருக்கும் பக்கம் ஏறி, திரும்பி நின்று பாருங்கள். ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்து 1878இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கட்டிய நிலையம் அது. வாசல் தூண் ஒன்றில் இங்கிலாந்துக்காகச் சிங்கம், இன்னொன்றில் இந்தியாவுக்காகப் புலி. சுவரில் இருக்கும் இலை, பறவை, குரங்கு எல்லாம் இங்குள்ள ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்கள் கைபட்டவை. அரை மணி நேரம் நின்று பார்க்கலாம், காசு கிடையாது.

அப்புறம் அப்படியே நடந்து ஓவல் மைதானம். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் இது. ஒரு பக்கம் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் விக்டோரியா காலத்துக் கல் கட்டடங்களாக நிற்கும். எதிர்ப்பக்கம் 1930களின் ஆர்ட் டெகோ பாணிக் குடியிருப்புகள், வளைந்த பால்கனிகளோடு. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் கொடுத்த பணத்தில் எழுந்தது. அவருடைய அம்மாவின் பெயர்தான் ராஜாபாய். 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி நின்றுபோனதும் பம்பாய்ப் பருத்திக்கு விலை எகிறியது. இந்தத் தெருக்களில் நிற்கும் பெரிய கட்டடங்கள் பலவற்றின் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நம் ஆட்கள் தோல் பதனிட தாராவிக்கு வந்ததும் இப்படி வளர்ந்த ஊரை நம்பித்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். வேன்காரர் சொல்லமாட்டார்.

கொஞ்சம் செலவு செய்யத் தகுந்தது எலிஃபெண்டா தீவின் குகைக் கோயில்கள். கேட்வேயிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுமார் இருபது அடி உயர மூன்று முகச் சிவனுக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் படகுக் கூலியை நினைத்து வருந்தி நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். மழைக்காலத்தில் கடல் சீறினால் படகும் ஓடாது.

தங்குவதற்குக் கேட்வே பக்கத்துக் கொலாபாவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். தாதர், சயான், இல்லையென்றால் வாஷி பக்கம் பாருங்கள், வாடகை நன்றாகக் குறையும். சாப்பாட்டுக்கு மாட்டுங்கா இருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்திலேயே ராமா நாயக் உடுப்பி, 1942இலிருந்து இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். மதிய நேரம் வடா பாவே போதும் என்பவர்களுக்கு அது ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் கிடைக்கும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் தேவை. காலையில் தெற்கே போகும் வண்டியும் மாலையில் வடக்கே திரும்பும் வண்டியும் பிதுங்கி வழியும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அந்தக் கூட்டத்தில் ஏற்றாதீர்கள். காலை பத்தரைக்கு மேல் கிளம்புங்கள். சாயங்காலம் மரைன் டிரைவ் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, எட்டரை தாண்டியதும் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தால் போதும்.