பிரசவத்தோடு பிரஷர் முடிந்துவிடாது

"கர்ப்பத்தில் வந்த பிரஷர் குழந்தை பிறந்ததும் போய்விடும், அப்புறம் மாத்திரையும் வேண்டாம், செக்கப்பும் வேண்டாம்" என்று சொல்வதில் பாதிதான் சரி. பலருக்குச் சில வாரங்களில் இறங்கிவிடும், உண்மை. ஆனால் பிரசவமாகி 3 முதல் 6 நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறலாம். பெரும்பாலானோர் வீடு திரும்பிவிடும் சமயம் அது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் வந்தால் தூக்கமில்லாததால்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வலிப்பு, பக்கவாதம் வரை போகும். 160/110 தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய், பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. எத்தனை வருடம் கழித்து நெஞ்சுவலி என்று போனாலும் அந்தப் பழைய கர்ப்பத்தைப் பற்றி டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.