பூங்காவுக்கு வெளியே இருக்கும் சேறு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் முதலை பார்க்கத்தான் போகிறார்கள். பாலத்தில் நின்று முதலையைத் தேடுவார்கள், ஒரு படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். குட்டை ஓரத்தில் கூட்டமாக நிற்கும் பழுப்புநிறப் பறவைகளை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

அந்தக் கூட்டத்தில் பவளக்காலி இருக்கும். மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பில் கண்ணைப் பறிக்கும்படி எதுவும் கிடையாது, கால் மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். அலகைச் சேற்றில் குத்தி, புழு கிடைத்தால் இழுத்து விழுங்கி, நாலு எட்டு ஓடி மறுபடியும் குத்தும். இங்கே பிடித்துச் செயற்கைக்கோள் கருவி மாட்டி விட்டதில், இந்தப் பறவைகளில் சில திபெத் பீடபூமிப் பக்கம் போய்க் குஞ்சு பொரிப்பது தெரியவந்தது. அவ்வளவு தூரம் பறக்கத் தேவையான கொழுப்பு இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்கிறது.

1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டுபிடித்துச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த இடம் நமக்கு மிஞ்சியிருக்காது. அவர்கள் அரசிடம் எடுத்துச் சொன்னார்கள், அரசும் கேட்டது. 1993இல் பூங்கா திறந்தது, 2002இல் 130 ஹெக்டர் பரப்பில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி ஆனது. பழைய இறால் குட்டைகளின் மதகுகளை வைத்தே இன்றும் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே கடல் ஏறும் நேரத்திலும் உள்ளே பறவைகள் நிற்கச் சேறு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இந்த உழைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் "அதான் பூங்கா இருக்கே, பறவைகளுக்கு என்ன குறை" என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கடல் வற்றும்போது இந்தப் பறவைகளில் பல பூங்காவுக்கு வெளியே இருக்கும் மண்டாய்ச் சேற்றுநிலத்துக்கு இரை தேடப் போகின்றன. கடல் ஏறியதும் பூலோ குட்டைகளுக்கு வந்து ஓய்வெடுக்கின்றன. படுக்கையறையைப் பூட்டிப் பத்திரப்படுத்திவிட்டுச் சமையலறையை இடித்தால் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? மண்டாயையும் இயற்கைப் பூங்காவாக்குவோம் என்று 2018இல் அறிவித்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

இங்கே வலசை வரும் பறவைகளின் வழியில் இருக்கும் மற்ற ஊர்களின் நிலைமை இன்னும் மோசம். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் இருக்கும் மஞ்சள் கடல்தான் கிழக்காசியா வழியாக வரும் பறவைகள் இறங்கி இரையெடுக்கும் பெரிய இடம். அரை நூற்றாண்டில் அதன் சேற்றுநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. தென்கொரியாவின் சேமாங்கும் பகுதியில் மட்டும் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சுவர் எழுப்பிச் சேற்றுநிலத்தை அடைத்துவிட்டார்கள். அங்கே இரை கிடைக்காத பறவை அடுத்த வருடம் இங்கே வந்து சேராது. நம் வேலியை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்கு உதவாது.

அங்கே நடப்பதை நாம் தடுக்க முடியாமல் இருக்கலாம். மண்டாய் நம் கையில்தான் இருக்கிறது. அங்கே மக்களுக்காக எதைக் கட்டினாலும் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேற்றுக்கு மேலே நடைபாதை வேண்டவே வேண்டாம். அப்புறம், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கலைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் அந்தப் பறவை சேர்த்துவைத்த கொழுப்புதான் கரைகிறது. கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள், மறைவிடத்தில் சத்தமில்லாமல் உட்காருங்கள். பக்கத்துக் குட்டைக்கு அவையே வந்து இறங்கும்.