முதல் வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்

உலகப் பொருளியல் தளரும்போது சிங்கப்பூர் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது புதிதாக ஆள் எடுப்பதைத்தான். ஆட்குறைப்பு செய்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், இழப்பீடு பற்றிப் பேச வேண்டும், தொழிற்சங்கத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலியான ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டாலோ யாருக்கும் எந்த விளக்கமும் தரத் தேவையில்லை. ஆகவே, இன்னும் வேலையிலேயே சேராத பிள்ளைகள்மீது நெருக்கடியின் சுமை ஓசையில்லாமல் இறங்கிவிடுகிறது. செய்தித்தாளில் அதற்குத் தலைப்பும் வருவதில்லை.

நமது மொத்த வர்த்தகத்தின் மதிப்பு உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2004 முதல் அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக உடன்பாடு நடப்பில் இருந்தும், 2025 ஏப்ரலில் அந்நாடு அறிவித்த 10 விழுக்காட்டு அடிப்படை வரியிலிருந்து நாம் தப்பவில்லை. இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் தலைமையகம் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று முடிவெடுக்கிறது. அந்தப் பொறுத்தலின் விலையை, அவ்வாண்டு படிப்பை முடித்து வெளியே வரும் மாணவர் கொடுக்கிறார்.

2024ஆம் ஆண்டு நான்கு பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளிடம் நடத்தப்பட்ட வேலைவாய்ப்பு ஆய்வில், வேலைச் சந்தையில் இருந்தவர்களில் 79.5 விழுக்காட்டினருக்கே முழுநேர நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அது 84.1 விழுக்காடு. அதே நேரத்தில், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் 4,313 வெள்ளியிலிருந்து 4,500 வெள்ளிக்கு உயர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. உள்ளே நுழைந்தவருக்கு வழி நன்றாகவே இருக்கிறது. நுழைய முடியாதவருக்கோ வாசலே குறுகிவிட்டது. சராசரிகளை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வோரின் கண்ணில் அந்த வாசலில் நிற்பவர்கள் படுவதே இல்லை.

நம் சமூகத்தில் இதை மேலும் கடினமாக்கும் ஒன்று உண்டு. திருமண வீட்டிலும் கோயில் அன்னதான வரிசையிலும் "இன்னுமா வேலை கிடைக்கவில்லை? கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிடைத்ததை எடுத்துக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. கனடாவில் மந்தநிலைக் காலத்தில் பட்டம் பெற்றவர்களின் வருமானத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், தொடக்கத்தில் ஏற்படும் சரிவு மறைவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆவதைக் கண்டார்கள். சரிவிலிருந்து மீண்டவர்களும் பெரும்பாலும் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறித்தான் மீண்டார்கள். இந்த நிலையில், படித்த துறையில் நுழைய இன்னும் சில மாதங்கள் முயலும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009இல் வேலை ஊக்கத்தொகைத் திட்டத்தின்கீழ், ஒவ்வோர் உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசாங்கம் முதலாளிகளுக்கு வழங்கியது. அதற்காகக் கடந்தகால நிதியிருப்பிலிருந்து முதன்முறையாகப் பணம் எடுக்கப்பட்டது. பல குடும்பங்களை அது காப்பாற்றியது. இருப்பினும், அது முதன்மையாக ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்கான அரண். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டமும் அப்படித்தான். ஆறு மாதங்களில் 6,000 வெள்ளிவரை பெறலாம். ஆனால் கடந்த 12 மாதங்களில் குறைந்தது ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் வேலையே கிடைக்காதவரால் அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்ற முடியும்?

புதிய பட்டதாரிகளுக்காக 2025இல் அறிவிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் 800 இடங்கள்வரை உண்டு. மாதம் 1,800 முதல் 2,400 வெள்ளிவரை உதவித்தொகையும் கிடைக்கும். வரவேற்கிறேன். மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சி முடிந்த பிறகு எத்தனை பேர் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள் என்பதையும், எந்தெந்தத் துறையில் என்பதையும் தவறாமல் வெளியிட்டால் அந்தத் திட்டத்தின்மீது நம்பிக்கை வளரும்.

இதற்கிடையே பலர் உணவு விநியோகத்துக்குப் போகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த, செயலிகள்வழி வேலை பெறுவோருக்கான இணையத்தள ஊழியர் சட்டம், 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் சந்தாவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேலையிடக் காயத்துக்கு இழப்பீடும் உண்டு. உழைப்பில் இழிவு எதுவும் இல்லை. என் கவலை வேறு. இரண்டு ஆண்டுகள் மிதிவண்டியில் ஓடிய பிறகு அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளையரிடம், "இந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்கும் மேலாளர்கள் இருக்கும்வரை, அந்த உழைப்பு அவருக்கு அனுபவமாகக் கணக்கில் சேராது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது கடன். பாதுகாவலராகவோ ஓட்டுநராகவோ வேலை பார்க்கும் பெற்றோர், மத்திய சேமநிதிக் கல்விக் கடன் திட்டத்தின்கீழ்த் தங்கள் சாதாரணக் கணக்கிலிருந்து பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஓய்வுக் காலத்துக்கும் வீட்டுக்கும் வைத்திருந்த பணம் அது. படிப்பு முடிந்து ஓராண்டில் பிள்ளை அதை வட்டியுடன் ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். பொருளியல் நன்றாக இருக்கும் காலத்தில் ஓராண்டு தாராளமான அவகாசம்தான். ஆள் எடுப்பு நின்றுபோன ஆண்டில், சம்பளம் வரும் முன்பே கடன் தவணை வந்து நிற்கும். தவணையின் தொடக்கத்தைப் படிப்பு முடிந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிள்ளையின் மத்திய சேமநிதிக் கணக்கில் முதல் சந்தா வந்து சேரும் மாதத்திலிருந்து கணக்கிட்டால் என்ன? அந்தத் தகவல் ஏற்கெனவே மத்திய சேமநிதிக் கழகத்தின் கையில்தான் இருக்கிறது. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளில் பார்க்கும்போது இந்த ஒரு கோரிக்கையையாவது எழுத்தில் கொடுப்போம்.