பெர்ரி ஜூஸை ஏன் வடிகட்டுகிறீர்கள்?

வீட்டிலேயே பெர்ரி ஜூஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மிக்ஸியில் அடித்து, வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்திப் பிழிந்துவிட்டு, சக்கையைக் குப்பையில் தட்டுவார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு கேட்காது.

ராஸ்பெர்ரியில் 100 கிராமுக்கு 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. பழங்களில் இது பெரிய அளவு. அதில் பெரும்பங்கு அந்தச் சக்கையோடு போய்விடுகிறது. புளூபெர்ரியை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே சதை வெளிறிப்போய் இருக்கும், நிறமெல்லாம் தோலில்தான். ஆந்தோசயனின் என்கிற அந்த நிறமிக்காகத்தான் புளூபெர்ரியை இவ்வளவு பேர் தேடி வாங்குகிறோம். தோலை எறிந்துவிட்டால் எப்படி?

நான் மிக்ஸியையே எடுப்பதில்லை. ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, ஒரே ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி, அரை மணி நேரம் மூடி வைத்துவிடுவேன். திறந்தால் துண்டுகள் துவண்டு, கிண்ணத்தின் அடியில் சிவப்பாகச் சாறு தேங்கி நிற்கும். பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே, சர்க்கரை அதை வெளியே இழுத்துவிடுகிறது. அப்புறம் புளூபெர்ரியைச் சேர்த்து முள்கரண்டியால் மசிப்பேன். ஒவ்வொன்றாகத் தோல் வெடிக்கும். குளிர்ந்த தண்ணீர் விட்டதும் நிறம் கொஞ்சம் மங்கிய ஊதாவாகத் தெரியும். அதில் அரை எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவப்புக்கு மாறும். புளிப்பு பட்டால் அந்த நிறமி சிவக்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது எனக்கு.

உறைந்த பெர்ரி என்றால் வேலை இன்னும் சுலபம். உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் பழத்தின் திசுக்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போதே சாறு கசிந்துவிடும்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் நான் கறார். சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பழச்சாறு வழியாக வருவதையும் கூட்டி, ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டம்ளருக்கு நாலு ஸ்பூன் போட்டாலே பாதிக்கு மேல் தீர்ந்தது. புளிக்கிறது என்றால் நன்றாகப் பழுத்த பழமாக வாங்குங்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டாலும் இனிப்பு தூக்கலாகத் தெரியும்.

காய்ச்ச வேண்டாம், வைட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும். பழத்தைக் கழுவுவதும் செய்யப்போகும் நேரத்தில்தான். ஈரத்தோடு எடுத்து வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

சரி, விதை பல்லில் மாட்டுமே என்பீர்கள். மாட்டும்தான். டம்ளரோடு ஒரு ஸ்பூனும் கொடுத்துவிடுங்கள், அடியில் தங்கும் பழத்தைக் குழந்தைகள் சுரண்டிச் சாப்பிடட்டும்.