சப்பாத்தி மாவு போதுமே

ஒன்றரை வயதுக் குழந்தை பிசைந்து விளையாட விலை கூடிய களிமண் செட் வாங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தேவையே இல்லை. அரை கப் கோதுமை மாவு, கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், ஒரு டீஸ்பூன் எண்ணெய். கொஞ்சம் கெட்டியாகவே பிசையுங்கள். இளகினால் விரலில் ஒட்டும், பிள்ளை கையை உதறிச் சிணுங்கும். எலுமிச்சை அளவு உருண்டை போதும். நெல்லிக்காய் அளவென்றால் நேரே வாய்க்குத்தான் போகும். பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது, கிருமி இருக்கலாம். தரையில் உட்கார வைத்து, கூடவே இருங்கள். பத்து நிமிடத்தில் சலித்துவிடும். அதன் கையால் தட்டியதை மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டுக் கொடுங்கள். தடிமனாக விட்டால் நடுவில் வேகாது. கோணல்மாணல் சப்பாத்தியைப் பார்த்து அது சிரிக்கிற சிரிப்பு எந்த பொம்மைக்கும் வராது!